லயம் வரைக்கும் காட்டிக்கொடுக்குமா?

2025 நவம்பர் பிற்பகுதியில் எக்ஸ் தளம் 'இந்தக் கணக்கைப் பற்றி' என்றொரு பகுதியைத் திறந்தது. ஒரு கணக்கு எந்த நாட்டிலிருந்து இயங்குகிறது, எத்தனை தடவை பெயர் மாற்றியிருக்கிறது, எந்த நாட்டுச் செயலிக் கடையிலிருந்து வந்தது என்பதெல்லாம் அதில் தெரியும். அமெரிக்க அரசியலை முழுநேரத் தொழிலாகப் பேசிக்கொண்டிருந்த சில கணக்குகள் நைஜீரியாவிலும் பங்களாதேஷிலும் இருப்பதாக அது காட்ட, உலகமே சிரித்தது. அந்தச் செய்தி எட்டியாந்தோட்டை, பலாங்கொடை, இறக்குவானை என்று நம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தபோது அதற்குக் கை, கால் முளைத்திருந்தது.

நம்பிக்கை: யார் எந்தத் தோட்டம், எந்த லயம் என்பது வரை இனி எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

உண்மை: இருப்பிடமாகத் தெரிவது நாட்டின் பெயர் மட்டும்தான். அதுவும் வேண்டாம் என்றால் 'தெற்காசியா' என்பதைப் போலப் பொதுவான பிராந்தியப் பெயரை வைத்துக்கொள்ளலாம். தளங்கள் நாட்டைக் கணிப்பது பெரும்பாலும் ஐபி எனப்படும் இணைய முகவரியை வைத்து. கைபேசி இணைப்பில் அந்த முகவரி உங்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல. நிறுவனம் அதை ஒரே நேரத்தில் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. தெரணியகலை மலையில் கவரேஜ் தேடிப் பாறைமேல் ஏறி நின்று பதிவு போட்டாலும், அந்த முகவரியை வைத்து ஊரைத் தேடுகிறவருக்குக் கொழும்பு என்று வருவதே வழக்கம். பேஸ்புக்கும் 2018 முதல் பக்கங்களை நடத்துகிறவர்களின் நாட்டைக் காட்டுகிறது. அதனால் யாருடைய லயத்துக்கும் யாரும் வந்து நிற்கவில்லை.

இதைக் கேட்டுவிட்டு, யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று துள்ளவும் வேண்டாம். சிம் உங்கள் அடையாள அட்டை இலக்கத்தில் பதிவாகியிருக்கிறது. பொலிஸ் நீதிமன்ற உத்தரவோடு கேட்டால் தொலைபேசி நிறுவனத்திடம் பதில் இருக்கும்.

நம்பிக்கை: வெளிநாட்டுப் பெயர் காட்டினால் அது ஃபேக் ஐடி.

உண்மை: இந்த அவசரத் தீர்ப்புதான் நம் ஆட்களை அதிகம் பாதிக்கும். சவூதியில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பிய ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். கையில் இருப்பது அங்கே வாங்கிய போன். அதில் கூகுள் பிளேயின் நாடு சவூதி என்றே கிடக்கும். அதை வருடத்துக்கு ஒரு தடவைதான் மாற்ற முடியும், மாற்ற வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. காவத்தையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் அவரது எக்ஸ் கணக்கு சவூதிக் கடையின் பெயரைக் காட்டினால் அவர் பொய்க்காரி ஆகிவிடுவாரா? அண்மைய பயணத்தாலும் தற்காலிக இடமாற்றத்தாலும் நாடு மாறித் தெரியலாம் என்று எக்ஸே எழுதி வைத்திருக்கிறது. கணக்கு எங்கே தொடங்கப்பட்டது என்ற விவரத்தையும் முதலில் காட்டினார்கள். பழைய கணக்குகளில் அது பிழைத்ததால் எடுத்துவிட்டார்கள்.

இன்னொரு கூத்தும் நடந்தது. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கணக்கு இஸ்ரேலில் இருப்பதாக ஒரு ஸ்கிரீன்ஷொட் உலகம் சுற்றியது. அது போலி என்று எக்ஸ் தளத்தின் தயாரிப்புத் தலைவர் நிகிதா பியர் மறுக்க வேண்டியதாயிற்று. ஆகவே ஸ்கிரீன்ஷொட்டை நம்பாதீர்கள். கணக்கை நீங்களே திறந்து பாருங்கள்.

அதேபோல 'இலங்கை' என்று காட்டுவதும் நற்சான்றிதழ் அல்ல. கணக்கு இங்கே இருக்கலாம், படம் எங்கிருந்தோ வந்திருக்கலாம். மழைக்காலத்தில் மண்சரிவுப் படம் ஒன்று வந்தால், அது இன்றையதா, 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் எடுத்ததா என்பதை எந்த நாட்டுப் பெயரும் சொல்லாது.

நம்பிக்கை: விபிஎன் போட்டுவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

உண்மை: நீங்கள் எழுதிய கடிதத்தைப் பக்கத்து ஊர்க்காரரிடம் கொடுத்து அங்கே தபாலில் சேர்க்கச் சொல்வது போன்றதுதான் விபிஎன். முத்திரையில் ஊர் மாறும். ஆனால் எங்கிருந்து எங்கே போகிறது என்பது அந்த ஆளுக்குத் தெரியும். அவர் யோக்கியரா என்பதுதான் கேள்வி. ஒனாவோ என்றொரு இலவச விபிஎன் இருந்தது. உங்கள் தரவைப் பாதுகாக்கிறோம் என்றது. 2013இல் அதை வாங்கிய பேஸ்புக், பயனர்கள் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று அதன் வழியே சேகரித்தது. 2018இல் ஆப்பிள் தன் கடையிலிருந்து அதை வெளியேற வைத்தது. 2023இல் அவுஸ்திரேலிய நீதிமன்றம் மெட்டாவின் இரண்டு துணை நிறுவனங்களுக்கு 2 கோடி அவுஸ்திரேலிய டொலர் அபராதம் விதித்தது. யூஎஃப்ஓ விபிஎன் எதையும் பதிந்துவைப்பதில்லை என்று சத்தியம் செய்தது; 2020இல் அதன் பதிவேடுகள் இணையத்தில் பூட்டில்லாமல் திறந்து கிடந்தன.

தவிர, விபிஎன் ஓடுவதாகச் சந்தேகம் வந்தால் எக்ஸ் அந்த நாட்டுப் பெயரின் அருகே ஓர் எச்சரிக்கைக் குறியைப் போடுகிறது. சில இணைய நிறுவனங்கள் தாமாகவே இடைவழியைப் பயன்படுத்துவதால் அந்தக் குறியும் பிழைக்கலாம். சொந்த போன் நம்பரில் திறந்த கணக்குக்குள் விபிஎன் போட்டு நுழைகிறவர் யாரிடமிருந்து ஒளிகிறார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நம்பிக்கை: இலங்கையில் விபிஎன் வைத்திருந்தாலே குற்றம்.

உண்மை: விபிஎன்னைத் தடைசெய்யும் சட்டம் இங்கே இல்லை. 2018 மார்ச் கண்டிக் கலவரம், 2019 உயிர்த்த ஞாயிறு, 2022 ஏப்ரல் 3 என்று சமூக ஊடகங்கள் முடக்கப்பட்ட போதெல்லாம் சனம் விபிஎன்னில்தான் ஓடியது. 2022இல் அப்போதைய அமைச்சர் நாமல் ராஜபக்சவே, நானும் விபிஎன்னில்தான் எழுதுகிறேன், இந்தத் தடையால் பயனில்லை என்ற பொருளில் பதிவிட்டார். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பார்ப்பது நீங்கள் எழுதியதை. எந்தக் கருவியில் எழுதினீர்கள் என்பதையல்ல.

ஆனால் டுபாயில் கதை வேறு. வட்ஸ்அப்பில் எழுதலாம், குரல் பதிவு அனுப்பலாம், பேச முடியாது. அங்குள்ள 2021ஆம் ஆண்டுச் சட்டம், குற்றம் செய்யவோ மறைக்கவோ இணைய முகவரியை மாற்றுகிறவருக்குச் சிறை, அல்லது குறைந்தது 5 இலட்சம் திர்ஹாம் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. தடுக்கப்பட்ட அழைப்புக்கு விபிஎன் போடுவது இதற்குள் வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அம்மா அங்கே வேலை செய்கிறார் என்றால், முகம் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்து அவரை விபிஎன் போட வைக்காதீர்கள். போட்டிம் போல அந்த நாடு அனுமதித்த செயலிகள் இருக்கின்றன.

நம் இருப்பிடத்தை உண்மையில் மீற்றர் கணக்கில் அறிவிப்பது வட்ஸ்அப்பின் நேரலை இருப்பிடம்தான். அதை அனுப்புவது நாமேதான். 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று கேட்கும். யாருக்கு, எவ்வளவு நேரம் என்று பார்த்துக் கொடுங்கள். மண்சரிவு எச்சரிக்கை வந்த இரவில் உறவினருக்கு அதை அனுப்பத் தயங்க வேண்டாம். பேஸ்புக்கில் பழகிய முகம் தெரியாத ஆள் கேட்டால், எத்தனை தடவை கேட்டாலும், அனுப்பாதீர்கள்.