ஆபீஸை மூடிய பிறகும் வழக்கு வருமா?

கேள்வி: வேப்பம்பட்டில் ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்சி நடத்துகிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட், காக்களூர் தொழிற்பேட்டை கம்பெனிகளுக்கு ஷெட் டிசைன், ஸ்டெபிலிட்டி சர்டிஃபிகேட். அக்கம்பக்கத்தில் வீடுகளும் உண்டு. உடம்பு ஒத்துழைக்காததால் மார்ச்சோடு மூடுகிறேன். புரொஃபஷனல் இண்டெம்னிட்டி பாலிசியும் அதே மாதம் முடிகிறது. "வேலையே செய்யாதபோது பிரீமியம் எதற்கு சார்?" என்கிறார் ஏஜென்ட். விட்டுவிடலாமா?
— வாசகர், வேப்பம்பட்டு

பதில்: விடாதீர்கள். இந்த வகை பாலிசியில், வேலை பார்த்த காலத்தில் பிரீமியம் கட்டியிருந்தால் மட்டும் போதாது. நஷ்ட ஈடு கேட்டு நோட்டீஸ் வரும் நாளிலும் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். போன வருடம் நீங்கள் டிசைன் செய்த ஷெட்டின் கூரை மூன்று வருடம் கழித்து ஒரு புயலில் பெயர்ந்தால், அன்றைக்கு உங்களிடம் பாலிசி இருக்காது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா அடித்ததை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு வினாடிக்கு 50 மீட்டர் காற்று வேகம் என்று ஐ.எஸ். 875 தரநிலை சொல்வதை வைத்துத்தான் டிசைன் போட்டேன் என்று நிரூபிக்கவே வக்கீலும் நிபுணரும் வேண்டும். அந்தச் செலவையும் பாலிசிதான் தாங்கும்.

நோட்டீஸை ஷெட் முதலாளிதான் அனுப்புவார் என்றில்லை. அவருக்கு கிளெய்ம் கொடுத்த தீ விபத்து இன்ஷூரன்ஸ் கம்பெனி, அவர் இடத்தில் நின்று உங்களிடம் அந்தப் பணத்தைக் கேட்கலாம். அடுக்குமாடி என்றால், சாவி கொடுத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறையை பில்டர் சரிசெய்து தர வேண்டும் என்கிறது ரெரா சட்டம். பில்டர் அடுத்து திரும்புவது வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவர் பக்கம். 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோது, கைதானவர்களில் வடிவமைப்புப் பொறியாளரும் இருந்தார். கிரிமினல் தண்டனைக்கு எந்த பாலிசியும் உதவாது. ஆனால் கையெழுத்தின் பொறுப்பு எவ்வளவு தூரம் வரும் என்பதற்கு அதைவிட உதாரணம் வேண்டாம்.

உங்களுடையது தனிநபர் நிறுவனம் என்று நினைக்கிறேன். அப்படியானால் ஜி.எஸ்.டி. பதிவை ரத்து செய்தாலும் பழைய பொறுப்பு உங்கள் வீடு, சேமிப்பு வரை வரும்.

இப்போது பாலிசி புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். நம் நாட்டு பாலிசிகள் பலவற்றில், புதுப்பிக்காவிட்டால் கிளெய்மைத் தெரிவிக்க 90 நாள் அவகாசம் என்று ஒரு பிரிவு இருக்கும். அதை நம்பி உட்காராதீர்கள். கட்டடத்தில் குறை தெரிய வருடங்கள் ஆகும். நீங்கள் கேட்க வேண்டியது 'ரன்-ஆஃப்' கவர்: புது வேலைக்குப் பாதுகாப்பு கிடையாது, பழைய வேலைக்கு மட்டும். இங்கிலாந்தில் வழக்கறிஞர் அலுவலகம் மூடப்பட்டால் 6 ஆண்டு ரன்-ஆஃப் கட்டாயம். இங்கே கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஒரே கம்பெனிக்கு வேலை செய்யும் ஏஜென்ட்டைவிட, பல கம்பெனிகளிடம் விலை கேட்கும் புரோக்கர் இதற்கு உதவுவார். கிடைக்கவில்லை என்றால், தொழிலை நிறுத்திவிட்டதை எழுத்தில் சொல்லி, வருமானம் பூஜ்யம் என்று காட்டி, வருடாவருடம் புதுப்பிக்கக் கேளுங்கள். மூடியதை மறைத்துப் புதுப்பித்தால் கிளெய்மை மறுக்க நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும்.

எந்த வழியானாலும் 'ரெட்ரோஆக்டிவ் டேட்' பழைய தேதியாகவே இருக்கட்டும். புதுத் தேதி போட்டுவிட்டால் அதற்கு முந்தைய வேலை முழுக்க வெளியே போய்விடும். பிரீமியம் குறைவு என்று காட்டும் கொட்டேஷன்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

 

ஏதாவது ஷெட்டில் விரிசல், தொய்வு என்று முதலாளி போனில் சொல்லியிருந்தால்கூட, பாலிசி முடியும் முன்பே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு இமெயிலில் தெரிவித்து பதில் வாங்கிக்கொள்ளுங்கள். டிசைன் கணக்கு, மண் பரிசோதனை அறிக்கை, சைட்டில் முதலாளி தானாக மாற்றியதை எதிர்த்து நீங்கள் எழுதிய கடிதம் எதையும் பழைய பேப்பர்காரருக்குப் போட வேண்டாம். ஃபைல்களோடு ஆபீஸை வேறு பொறியாளரிடம் ஒப்படைப்பதாக இருந்தால், பிரதி எடுத்து வைத்துக்கொண்ட பிறகே கொடுங்கள்.