பிரான்சின் கிராமப் பண்பாடு: கற்பனையும் வாழ்வும்

பிரான்ஸ் என்றதும் பாரிஸ் மாநகரமே பலருக்கு நினைவில் எழும். ஆயினும், நாட்டின் உண்மையான பண்பாடு தலைநகரில் இல்லை, தொலைதூர மாகாணங்களின் சிற்றூர்களிலேயே உள்ளது என்னும் கருத்து பிரெஞ்சு மக்களிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. இக்கருத்து எவ்வாறு வளர்ந்தது, இதனால் கிராம மக்கள் பெற்ற பயன் யாது என்பன ஊரக வளர்ச்சி பற்றிச் சிந்திப்போர் அறியத்தக்கவை.

ஒரே நாடு, ஒரே மொழி

1789ஆம் ஆண்டுப் புரட்சியை அடுத்து, 1790இல் பழைய மாகாணங்கள் கலைக்கப்பட்டன. நாடு 83 நிருவாகப் பிரிவுகளாகப் பகுக்கப்பட்டது. அந்நாளில் பிரெத்தோன், பாஸ்க், ஆக்சிதான் முதலிய மொழிகளே பல பகுதிகளில் மக்களின் வீட்டுமொழிகளாக இருந்தன. பிரெஞ்சு மொழியைத் தூய்மையாகப் பேசுவோர் ஏறத்தாழ 30 இலட்சம் பேரே என்று 1794இல் கிரெகுவார் பாதிரியாரின் அறிக்கை மதிப்பிட்டது. வட்டார மொழிகளை ஒழிக்க வேண்டும் என்றும் அது வற்புறுத்தியது.

1881, 1882ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கின. ஏழை உழவரின் பிள்ளைகளுக்கு இக்கல்வி புதுவழி திறந்தது என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், நாட்டின் மேற்குக் கோடியிலுள்ள பிரிட்டானியின் பல பள்ளிகளில், தாய்மொழியில் பேசிய மாணவரின் கழுத்தில் ஓர் அடையாளப் பொருளை மாட்டி இழிவுபடுத்தும் வழக்கமும் நிலவியது.

காட்சிப் பொருளான மரபு

கிராம வாழ்வு மாறத் தொடங்கிய காலத்திலேயே அதனைப் போற்றும் இயக்கங்களும் தோன்றின. தென்பகுதியான புரோவான்சின் கவிஞர் பிரெதெரிக் மிஸ்திரால், 1854இல் நண்பர்களுடன் ஒரு மொழி இயக்கத்தைத் தொடங்கினார். பின்னர் ஆர்ல் நகரில் மக்களின் உடை, கருவிகள், வீட்டுப்பொருள்கள் ஆகியவற்றைத் திரட்டி அருங்காட்சியகம் ஒன்றை அமைத்தார். 1904இல் பெற்ற நோபல் பரிசுத் தொகையை அதன் விரிவாக்கத்திற்கே செலவிட்டார்.

எனினும், மரபு எனக் காட்டப்படுவன யாவும் தொன்மையானவை அல்ல. பிரிட்டானியின் பிகூதேன் வட்டாரப் பெண்கள் அணிந்த உயரமான வெண்ணிறத் தலையணி இதற்கு நல்ல சான்று. பழங்காலச் சின்னமாகப் பலர் கருதும் இத்தலையணி அத்தனை உயரம் பெற்றது 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான். கிராமப் பண்பாடு உறைந்து நிற்பதன்று. அதுவும் மாறிக்கொண்டே வருவது என்பதை இது உணர்த்துகிறது.

இக்கற்பனை அரசியலுக்கும் பயன்பட்டது. 1940 முதல் 1944 வரை ஆண்ட பெத்தேனின் விஷி அரசு, உழவனையும் மண்ணையும் நாட்டின் அறத்திற்கு அடையாளமாகப் புகழ்ந்தது. அதே அரசு யூதர்களை அயலாராக ஒதுக்கிச் சட்டங்கள் இயற்றியது. 'உண்மையானவர்' யார் என வரையறுப்பது, பிறரை விலக்குவதற்கும் கருவியாகலாம் என்பது அக்காலம் தந்த பாடமாகும்.

பிழைப்பைக் காத்த உரிமை

மரபு மக்களின் பிழைப்போடு இணைந்தபோது பயன் வேறுவிதமாக அமைந்தது. தெற்கிலுள்ள ரொக்போர் ஊரின் குகைகளில் பதப்படுத்தப்படும் செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டிக்கு 1925ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு அளித்தது. 1935இல் திராட்சை மதுவகைகளுக்கென ஊர்ப்பெயர் உரிமை முறை வகுக்கப்பட்டது. குறித்த நிலப்பகுதியில், குறித்த முறையில் செய்த பொருளுக்கே அப்பெயரைச் சூட்டலாம் என்பது இம்முறையின் அடிப்படை.

ரொக்போருக்குப் பால் வழங்கும் லார்சாக் மேட்டுநிலம் 1971இல் பெருஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. அங்கிருந்த இராணுவ முகாமைச் சுமார் 3,000 ஹெக்டேரிலிருந்து சுமார் 17,000 ஹெக்டேராக விரிவாக்க அரசு முடிவு செய்தது. 1972இல் 103 உழவர்கள் நிலத்தை விற்பதில்லை என உறுதி பூண்டனர். காந்தியடிகளிடம் வந்து பயின்ற லான்சா தெல் வாஸ்தோ அங்கு உண்ணாநோன்பு இருந்தார்; போராட்டம் அறவழியில் தொடர்ந்தது. நகரத்து மாணவர்களும் தொழிலாளர்களும் துணைநின்றனர். 1981இல் குடியரசுத் தலைவரான மித்தெரான் திட்டத்தைக் கைவிட்டார். அரசு வாங்கியிருந்த நிலம் 1985இல் நீண்டகாலக் குத்தகையாக உழவர் அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது.

லார்சாக்கைக் காத்தவர் அனைவரும் அம்மண்ணில் பிறந்தவர் அல்லர் என்பது கருதத்தக்கது. பழைய உடையும் நடனமும் அங்கு முதன்மை பெறவில்லை. மேய்ச்சல் நிலமும் பால் விலையும் வாழும் உரிமையுமே முதன்மை பெற்றன.

நமக்குரிய படிப்பினை

இந்தியாவில் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டது. 2004இல் டார்ஜிலிங் தேயிலை முதற்பதிவைப் பெற்றது. பெயரைப் பதிவு செய்வது தொடக்கமே. அப்பெயரின் மதிப்பு தோட்டத் தொழிலாளிக்கும் நெசவாளிக்கும் உழவருக்கும் கூலியாகவும் விலையாகவும் சென்று சேர வேண்டும். உழைப்பவர் ஊரைவிட்டு வெளியேறிய பின் எஞ்சுவது அருங்காட்சியகம் மட்டுமே. அவர் ஊரில் நிலைத்து வாழ வழி செய்தால் பண்பாடும் அவரோடு வாழும்.