நாரி நோவும் நடுக்கற் காய்ச்சலும்

நாரியில் ஒரு பக்கம் நோகின்றது. கூடவே குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் காய்கின்றது. ஓங்காளமும் சத்தியும் உண்டு. இப்படியான ஒருவர் நம் வீடுகளில் என்ன செய்கின்றார்? "நாரிப்பிடிப்பு" என்று சொல்லி எண்ணெய் பூசிக்கொண்டு படுத்துவிடுகின்றார். அல்லது கடைக்கு ஆளனுப்பி நோவுக்கு இரண்டு குளிசை வாங்கிப் போடுகின்றார். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாததைக் கண்ட பின்னரே ஆஸ்பத்திரியை நினைக்கின்றார். பெரும்பாலானோர் அப்போதும் பிழைத்துக்கொள்கின்றனர் என்பது உண்மையே. ஆனால் ஒரு சிலருக்கு அந்த மூன்று நாட்களுக்குள் சலம் குறைந்து, இரத்தத்திலே கழிவுகள் தேங்கி, சிறுநீரகங்கள் தம் வேலையை விட்டுவிடுகின்றன. கிருமித் தொற்று ஒன்று எப்படி இந்த நிலைக்குக் கொண்டுபோகின்றது என்பதை விளங்கிக்கொண்டால், எந்த நோவுக்கு எண்ணெய் பூசலாம், எந்த நோவுக்கு உடனே வண்டி பிடிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் சிறுநீரகத்தைப் பற்றிச் சிறிது. முள்ளந்தண்டின் இருமருங்கும், கடைசி விலாவெலும்புகளை ஒட்டி, அவரை விதையின் வடிவில் இரண்டு உறுப்புகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர் நீளமும் 150 கிராம் நிறையும் உடையவை. இவ்வளவு சிறிய உறுப்புகளுக்கு, இதயம் தள்ளும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்ச் சேருகின்றது. ஒவ்வொன்றினுள்ளும் சுமார் 10 இலட்சம் நுண்ணிய வடிகள் உள்ளன. இவை நாளொன்றுக்கு 180 லீற்றர் நீரை வடிக்கின்றன. 10 லீற்றர் கொள்ளும் வாளியால் அள்ளினால் 18 வாளி. அதில் ஏறத்தாழ ஒன்றரை லீற்றரை மட்டும் சலமாக வெளியே விட்டு, மிகுதி முழுவதையும் உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. இந்த வேலைக்கு ஓயாத இரத்தவோட்டம் வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

சிறுநீரகத்தைத் தாக்கும் கிருமி பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதன்று. நமது குடலிலேயே சாதுவாகக் குடியிருக்கும் ஈ.கோலி என்ற பற்றீரியாவே பெரும்பாலான தொற்றுகளுக்குக் காரணம். அது சலவாயிலை அடைந்து, நீரோட்டத்துக்கு எதிராக ஏறிச் சலப்பையை அடைகின்றது. பெண்களின் சலவழி ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் நீளமே; ஆண்களுக்கு அது 20 சென்ரிமீற்றர் அளவில் உள்ளது. பெண்களிடம் இந்நோய் அதிகம் காணப்படுவதற்கு முக்கிய காரணம் இந்த நீள வேறுபாடுதான். சுத்தக் குறைவு என்று அவர்களைக் குற்றஞ் சொல்வது அநியாயம். சலத்தை நெடுநேரம் அடக்கி வைப்பது கிருமிகளுக்குப் பெருக அவகாசம் கொடுக்கின்றது. மடுவுக்கு யாத்திரை போகும் பஸ்ஸில், வழியில் இறங்க வசதியிராது என்று அஞ்சிக் காலையிலிருந்தே தண்ணீர் குடியாமல் இருக்கும் நம் பெண்பிள்ளைகளை நீங்களும் கண்டிருப்பீர்கள். யாத்திரை ஒழுங்கு செய்பவர்கள் பாடல் புத்தகத்துக்குக் காட்டும் கவனத்தில் ஒரு பங்கை இதற்கும் காட்டலாம்.

கிருமி சலப்பையில் நிற்கும்வரை எரிவும் கடுப்பும் அடிக்கடி போகும் உணர்வுமே இருக்கும். காய்ச்சல் இராது. "உடம்பில் சூடு கூடிவிட்டது" என்று பார்லித் தண்ணீர் காய்ச்சிக் குடிப்பது நம்மவர் வழக்கம். தண்ணீர் எந்த உருவில் போனாலும் நல்லதுதான். ஆனால் பார்லி கிருமியைக் கொல்லாது. இரண்டொரு நாளில் குணமாகாவிட்டால் சலத்தைப் பரிசோதிக்க வேண்டும். காய்ச்சலும் நடுக்கமும் நாரி நோவும் சேர்ந்துவிட்டால் கிருமி மேலே ஏறிவிட்டது என்று கொள்ளுங்கள். அப்போது அந்த இரண்டொரு நாளும் காத்திருத்தல் ஆகாது. மருந்து தொடங்குமுன் நடுச்சலத்தைச் சுத்தமான போத்தலில் பிடித்துக் கொடுத்தால், எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்பதை வளர்த்துப் பார்த்துச் சொல்வார்கள். வீட்டில் எஞ்சிக் கிடந்த அன்ரிபயோற்றிக் குளிசை இரண்டைப் போட்டுவிட்டுப் போனால் கிருமி அரைகுறையாக மறைந்து அந்தப் பரிசோதனை பொய்த்துவிடும். வைத்தியர் 7 நாளோ 14 நாளோ தந்த மருந்தை, காய்ச்சல் விட்டதும் நிறுத்துவதும் இதே போன்ற கேடுதான்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு பக்கச் சிறுநீரகத்தில் கிருமி தொற்றினால் அதனால் மட்டும் சிறுநீரகச் செயலிழப்பு வருவது அரிது. மற்றது இருக்கின்றதல்லவா? ஒரு சிறுநீரகத்துடன் நெடுங்காலம் வாழ்பவர்கள் பலர். அப்படியானால் ஆபத்து எங்கேயிருந்து வருகின்றது?

பெரும்பாலும் கிருமி இரத்தத்துக்குள் இறங்குவதால் வருகின்றது. கிருமியும், அதனோடு போராடும் உடம்பின் சீற்றமும் சேர்ந்து இரத்தக் குழாய்களைத் தளரச் செய்துவிடுகின்றன. இரத்த அழுத்தம் விழுகின்றது. கையும் காலும் சில்லிடுகின்றன. நாடி விரைந்து ஓடுகின்றது. நோயாளி மயங்கி மாறாட்டமாகப் பேசுகின்றார். மேலே சொன்ன இரத்தவோட்டம் குறைந்தவுடன் முதலில் வாடுபவை சிறுநீரகங்களே. அவற்றின் உட்பகுதி, நல்ல சுகமாயிருக்கும் காலத்திலேயே மட்டுமட்டான பிராணவாயுவில் உழைப்பது. ஓட்டமும் குறைந்து, கிருமியின் நஞ்சும் வந்து சேர்ந்தால் அங்குள்ள நுண்குழாய்களின் கலங்கள் செயலிழந்து, சில இறந்தும் போகின்றன. இங்கே கவனியுங்கள்: தொற்றியது ஒரு சிறுநீரகம், ஓய்ந்து போவதோ இரண்டும். மற்றது நல்லது என்ற ஆறுதல் இங்கே உதவாது.

இன்னொரு வழி அடைப்பு. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் கல் சிக்கியிருக்க, அதற்கு மேலே தேங்கிய சலத்தில் கிருமி தொற்றினால் அது சீழ் கட்டிய கொப்பளம் போன்றது. எவ்வளவு நல்ல மருந்தை ஊசியில் ஏற்றினாலும் அடைப்புக்குப் பின்னால் போதியளவு போய்ச் சேராது. ஸ்கான் செய்து பார்த்து, குழாய் விட்டு அந்தச் சீழை வடித்தேயாக வேண்டும். அதுவும் அன்றைக்கே. கல்லினால் வரும் குத்துநோவு பழகிப்போனவர்கள், இம்முறை நோவுடன் காய்ச்சலும் உண்டு என்றால் அது பழைய நோ அன்று என்பதை அறிந்திருக்க வேண்டும். வயது முதிர்ந்த ஆண்களுக்குச் சலப்பையின் வாயிலிலுள்ள சுரப்பி வீங்கி வழியை அடைப்பது உண்டு. சொட்டுச் சொட்டாகப் போகின்றது, இரவில் நாலைந்து தடவை எழும்புகின்றார் என்றால் வயதுக் குற்றம் என்று விட்டுவிடுகின்றோம். உள்ளே தேக்கம் கூடி, கிருமியும் பிடித்து, இரு சிறுநீரகங்களும் பின்னமுக்கத்தால் கெடும். ஒரு றப்பர்க் குழாயைச் செலுத்திச் சலத்தை வடித்தவுடனேயே தேறத் தொடங்கும் செயலிழப்பு இது. இதனால் ஒருவர் இறப்பதென்றால் அது மிகவும் வருத்தத்துக்குரியது.

நீரிழிவுக்காரர் விடயத்தில் எல்லாமே விரைவாகவும் கடுமையாகவும் நடக்கும். கர்ப்பவதிகளுக்கு எரிவோ கடுப்போ இல்லாமலே சலத்தில் கிருமி இருக்கலாம். கவனியாவிட்டால் அவர்களில் நால்வரில் ஒருவர் வரை சிறுநீரகத் தொற்றுக்கு ஆளாகக்கூடும். கிளினிக்கில் சலம் பரிசோதிக்கச் சொல்லும்போது "எனக்கு ஒன்றுமில்லையே" என்று தட்டிக்கழிக்க வேண்டாம். முதியவர்களுக்குக் காய்ச்சல்கூட இராது. திடீரென்று பிதற்றுவதே முதல் அறிகுறியாக இருக்கும்.

நம் கையாலேயே செய்யும் கேடு ஒன்றும் உண்டு. டைக்குளோபெனக், இபுபுரூபன் முதலிய நோக்குளிசைகளைத்தான் சொல்கின்றோம். இரத்தவோட்டம் குறையும்போது தன் குழாய்களை விரித்து வைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளச் சிறுநீரகம் ஓர் இரசாயனப் பொருளைச் சுரக்கின்றது. இந்தக் குளிசைகள் நோவைத் தணிப்பதே அந்தப் பொருளின் உற்பத்தியைத் தடுப்பதனால்தான். ஆகவே, காய்ச்சலும் சத்தியுமாக நீர் வற்றிக் கிடக்கும் ஒருவருக்கு இவற்றைக் கொடுப்பது, வாய்க்காலில் தண்ணீர் குறைந்திருக்கும் நேரம் பார்த்து மடையையும் அடைப்பதாகும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல், அதுவும் அளவோடு, போதும். பிறஷருக்கும் நீரிழிவுக்கும் தினமும் மருந்து எடுப்பவர்கள் சத்தி எடுத்துக்கொண்டிருக்கும்போது அவற்றில் எதைத் தற்காலிகமாக நிறுத்துவது என்று வைத்தியரிடம் கேட்க வேண்டும். எனலப்ரில், லொசாட்டன், மெற்போமின் என்பவை அப்படிக் கேட்க வேண்டியவை. தாமாக நிறுத்துவதும் கூடாது, கேளாமல் தொடர்வதும் கூடாது.

மேலே சொன்னவை கீழிருந்து ஏறும் கிருமியைப் பற்றியவை. நம் நாட்டில் இரத்தவழியாக வந்து சிறுநீரகத்தைப் பிடிக்கும் இன்னொரு கிருமி உண்டு. அதுவே எலிக்காய்ச்சல். 1886 இல் அடோல்வ் வைல் என்ற ஜேர்மனிய வைத்தியர் இந்நோயை விவரித்தார். 1915 அளவில் ஜப்பானில் இனாடா, இடோ என்போர் இதன் சுருள் வடிவான கிருமியைக் கண்டுபிடித்தனர். எலியின் சிறுநீரகத்தில் அதற்கு ஒரு தீங்கும் செய்யாமல் வாழும் இக்கிருமி, எலியின் சலத்துடன் வயல் நீரிலும் சேற்றிலும் வெள்ளத்திலும் கலந்து, நம் காலிலுள்ள சிறு காயத்தினூடாக உட்புகுகின்றது. 2008 இல் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் இந்நோய்க்கு ஆளானதாகச் சந்தேகிக்கப்பட்டது. சுமார் 200 பேர் இறந்தனர். தென்பகுதி நோய் என்று வடக்கில் இருந்தவர்கள் எண்ணியிருக்க, 2024 நவம்பர் வெள்ளத்தையடுத்து டிசம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் காய்ச்சல் பரவிச் சிலர் மடிந்தனர். முதலில் இனந்தெரியாத காய்ச்சல் எனப்பட்டது, பரிசோதனையில் எலிக்காய்ச்சல் எனத் தெரியவந்தது.

இதன் அடையாளங்கள்: கடுங்காய்ச்சல், தலையிடி, கெண்டைக்காலை அமுக்கினால் தாங்க முடியாத நோ, கண் சிவத்தல், பின்பு கண் மஞ்சளித்தல், சலம் குறைதல். வெள்ளத்திலோ வயலிலோ கால் வைத்து ஒரு மாதத்துக்குள் இப்படிக் காய்ந்தால், அதை வைத்தியர் கேட்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள். பெனிசிலினும் டொக்சிசைக்கிளினும் இதற்குக் கேட்கும் மருந்துகளே, தாமதந்தான் கொல்கின்றது. காலபோகத்தில் வயலில் இறங்குபவர்களுக்கு வாரம் ஒருமுறை போடும் தடுப்புக் குளிசையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பெறலாம். வட மத்திய மாகாணத்திலும் வவுனியாப் பக்கத்திலும் விவசாயிகளிடம் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வளரும் சிறுநீரக நோய் வேறு. அதனையும் இதனையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

செயலிழப்பு தொடங்கிவிட்டதை வீட்டில் எப்படி அறிவது? சலத்தை அளந்து பாருங்கள். வெறும் சோடாப் போத்தல் ஒன்று போதும். வளர்ந்த ஒருவருக்கு 24 மணித்தியாலத்தில் 400 மில்லிலீற்றருக்குக் குறைவாகப் போனால் அது அபாயம். ஆறேழு மணித்தியாலமாகச் சலமே போகவில்லையென்றால் மிகுதியை அளக்கக் காத்திருக்க வேண்டாம். ஆனால் சலம் போகின்றது என்பதனால் மட்டும் சிறுநீரகம் நலம் என்றும் முடிவு செய்ய முடியாது. எலிக்காய்ச்சலில் அளவு குறையாமலே கழிவு தேங்குவதுண்டு. இரத்தத்தில் கிரியற்றினின் அளவைப் பார்த்தே உறுதியாகச் சொல்ல முடியும்.

சலம் குறைந்தவுடன் நம்மவர் செய்வது இளநீர் வெட்டுவது. காய்ச்சலின் தொடக்கத்தில் இளநீர் நல்லதே. செயலிழந்த சிறுநீரகத்துக்கோ அது நஞ்சாகக்கூடும். இளநீரில் பொற்றாசியம் மிகுதி. வாழைப்பழத்திலும் தோடம்பழத்திலும் அப்படியே. வெளியேற வழியில்லாமல் அது இரத்தத்தில் ஏறினால் முன்னறிவிப்பின்றி இதயம் நின்றுவிடும். குடத்தண்ணீராகக் குடிக்கக் கொடுத்தாலும் அது நெஞ்சில் போய்த் தேங்கி மூச்சுத் திணறும். சலம் நின்றவருக்கு எவ்வளவு குடிக்கக் கொடுப்பது என்பது வைத்தியசாலையில் கணக்குப் பார்த்துச் செய்யும் காரியம்.

இத்தனை பயங்கரத்தையும் சொன்ன பின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். திடீரென்று வரும் இந்தச் செயலிழப்பு, நாட்பட்ட சிறுநீரக நோயைப் போன்றதன்று. இறந்த கலங்களுக்குப் பதில் புதியவை முளைக்கின்றன. அதுவரை சில நாட்களோ வாரங்களோ உயிரைத் தாங்கி வைத்திருப்பதே காரியம். இதனை முதலில் நிரூபித்தவர் ஒல்லாந்தின் கம்பன் நகரிலிருந்த வைத்தியர் வில்லெம் கோல்வ். யுத்தத்தின் நடுவில், தொத்திறைச்சிக்குப் பயன்படும் செலோபன் உறையை மர உருளையில் சுற்றி, அதற்குள் நோயாளியின் இரத்தத்தை ஓடவிட்டு உப்பு நீரில் கழுவும் பொறியொன்றைச் செய்தார். 1943 இலிருந்து அதனால் சிகிச்சை பெற்றோர் ஏறத்தாழ எல்லோரும் இறந்தனர். 1945 செப்டெம்பரில் 67 வயதுப் பெண்ணொருத்தியைக் கொண்டுவந்தனர். கிருமித் தொற்றைத் தொடர்ந்து சிறுநீரகம் ஓய்ந்து நினைவிழந்திருந்தார். நாசிகளுக்கு ஆதரவானவர் என்று சிறையிலிருந்தவர் அவர். ஊரில் பலருக்கு அவர் பிழைப்பதில் விருப்பமில்லை. வைத்தியர் அதைப் பார்க்கவில்லை. 11 மணித்தியாலச் சுத்திகரிப்பின் பின் அவர் கண் விழித்தார். சிறுநீரகங்களும் மீண்டும் வேலை செய்யத் தொடங்கின. அவர் பின்னும் சில ஆண்டுகள் வாழ்ந்தார்.

ஆகவே "மெசினில் போடப்போகிறார்களாம்" என்று கேட்டதும் வீட்டார் அழுது, நோயாளியைத் துண்டு வெட்டுவித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. இந்நோயில் அது பலருக்குச் சில தடவைகள் மட்டுமே தேவைப்படுவது. தேறும் காலத்தில் சலம் மூன்று நான்கு லீற்றராகப் பெருகிப் போகலாம்; அப்போது நீரும் உப்பும் குறைந்துவிடாமல் பார்க்க வேண்டும் என்பதனால், "நன்றாகப் போகின்றதே" என்று அவசரப்பட்டு வீட்டுக்குக் கேட்க வேண்டாம். வந்த பின் மூன்று மாதமளவில் கிரியற்றினினையும் சலத்தையும் மறுபடி பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரித் துண்டைப் பத்திரமாக வைத்திருந்து, இனி எந்த வைத்தியரிடம், எந்த நோவுக்குப் போனாலும் அதனை முதலில் அவரிடம் நீட்டுங்கள்.