சபை ஊழியத்தில் சமூக ஊடகம்: போதகர்களுக்கு 9 குறிப்புகள்

தரங்கம்பாடி அச்சுக்கூடத்தில் 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த சீகன்பால்கு, தம் காலத்தின் புதுக் கருவியை ஊழியத்துக்குத் தயங்காமல் எடுத்துக்கொண்டார். இன்றைய கருவி கைப்பேசி. சபையாருக்கு நன்மை தரும்படி அதைக் கையாளச் சில வழிகள்:

1. வாட்ஸ்அப்பில் அறிவிப்புக்குத் தனிக் குழு வையுங்கள். அதில் அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பும்படி அமைத்துவிடுங்கள். துக்கச் செய்தியும் ஆராதனை நேர மாற்றமும் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே தவறிப்போகாது.

2. ஜெபக் குறிப்பில் பெயரும் நோயும் சேர்ந்து வரவேண்டாம். "கீழத்தெரு அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி" என்று போட்டால், சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர் குழுக்களுக்கெல்லாம் போய்விடும். "நம் சபைச் சகோதரி ஒருவருக்குச் செவ்வாய்க்கிழமை ஆபரேஷன், ஜெபியுங்கள்" என்பதே போதும். அதையும் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

3. நேரலைக்குக் கேமராவைவிட மைக் முக்கியம். தூரத்தில் வைத்த போனில் மின்விசிறி இரைச்சலும் எதிரொலியும்தான் பதியும். காலர் மைக் மாட்டுங்கள், அல்லது மிக்சரிலிருந்து ஒலியை எடுங்கள். யூடியூபில் முதன்முறை நேரலை வசதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். சனி இரவுவரை காத்திருக்காதீர்கள்.

4. முழுப் பிரசங்கத்தோடு, ஒரே கருத்துள்ள சிறு பகுதியையும் வெளியிடுங்கள். யூடியூப் ஷார்ட்ஸில் 3 நிமிடம் வரை போடலாம். வேத வசனத்தை வாசித்த இடத்தையும் சேர்த்தே வெட்டுங்கள். இல்லாவிட்டால் பாதி வாக்கியம் தவறான அர்த்தத்தில் பரவிவிடும்.

5. பாடல்களுக்கும் காப்புரிமை உண்டு. இந்தியச் சட்டப்படி, எழுதியவர் மறைந்து 60 ஆண்டுவரை அது நீடிக்கும். 1864-இல் மறைந்த வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைச் சபையாரே பாடிப் பதிவேற்றத் தடையில்லை. புதுப் பாடலுக்கு அனுமதி கேளுங்கள்.

6. ஓய்வுநாள் பள்ளி, வி.பி.எஸ். படங்களைப் பெற்றோர் சம்மதத்தோடு மட்டும் போடுங்கள். அரிசியும் புடவையும் வாங்குகிறவர்களின் முகத்தைப் போடவே வேண்டாம். தர்மம் செய்வதைப் பற்றி மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்னது பேஸ்புக்குக்கும் பொருந்தும்.

7. காணிக்கைக்கான கியூஆர் கோடு சபையின் வங்கிக் கணக்குக்கே போகட்டும். வெளிநாட்டுக் குடிமக்களிடம் பணம் பெற எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ வேண்டும். உங்கள் படத்தை வைத்து யாராவது போலிக் கணக்கில் பணம் கேட்டால் சபையில் உடனே அறிவியுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் புகார் சொல்லச் சொல்லுங்கள்.

8. சிறுவர் சிறுமியரோடு தனிச் சாட் வேண்டாம். பெற்றோரும் இருக்கும் குழுவில் பேசுங்கள். பெண்களுக்கு ஆலோசனை தேவைப்பட்டால் போதகரம்மாவையோ மூத்த சகோதரி ஒருவரையோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

9. நடமாட முடியாமல் வீட்டிலிருந்தே ஆராதனையைப் பார்க்கிற முதியவர்கள், நோயாளிகளின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். மாதம் ஒருமுறையாவது அவர்கள் வீட்டுக்குப் போய் ஜெபித்து, திருவிருந்து கொடுங்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கைவிட, எத்தனை வீடுகளுக்குப் போனோம் என்ற கணக்கே ஊழியத்துக்கு முக்கியம்.