வாள்வீச்சில் இருவருக்கும் அடி விழுவது ஏன்?

வாள்வீச்சுப் போட்டியைக் காண்போருக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. ஒருவர் தாக்கினால் மற்றவர் தடுக்க வேண்டும். அல்லது விலக வேண்டும். ஆனால் பல வேளைகளில் இரு விளக்குகளும் ஒருங்கே எரிகின்றன. இருவருக்கும் அடி! தேர்ந்தவர்களுக்கும் இது நேருவது ஏன்?

முதற் காரணம் காலம். கண் கண்டதை மூளை உணர்ந்து கைக்கு ஆணையிட ஒரு வினாடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு செல்லும். அருகில் நிற்பவரின் வாள்முனையோ அதற்குள் வந்து சேர்ந்துவிடும். ஆகவே இருவரும் ஒரே கணத்தில் பாய்ந்தால், எதிரியின் தாக்குதலை அறிந்த பின் தம் கையை நிறுத்த இருவராலும் இயலாது.

இரண்டாவது தூரம். என் வாள் எதிரியை எட்டுமானால் அவர் வாளும் என்னை எட்டும். கையை நீட்டுமுன் காலை எடுத்து வைப்பவர் தம் உடலையே எதிரியின் முனைக்குக் கொடுக்கிறார். கைதான் முதலில் அசைய வேண்டும் என்று 1599ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயரான ஜார்ஜ் சில்வர் தம் நூலில் வற்புறுத்தினார்.

மூன்றாவது மனம். 'எப்படியும் குத்திவிட வேண்டும்' என்னும் வேகத்தில் தற்காப்பு மறந்துபோகிறது. பழங்காலத்து வாட்போரில் குத்துப்பட்டவர் உடனே வீழ்ந்துவிடுவதில்லை. திருப்பிக் குத்தவும் அவருக்கு வலு இருந்தது. அதனால் வென்றவரும் மாண்டதுண்டு.

இன்றைய விதிகள் இதனை எவ்வாறு தீர்க்கின்றன? 'எப்பே' என்னும் வாளுக்கு உடல் முழுவதும் இலக்கு. 1936 பெர்லின் ஒலிம்பிக்கிலேயே இதற்கு மின்கருவி வந்துவிட்டது. வினாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குள் இருவரும் தொட்டால் இருவருக்கும் புள்ளி உண்டு. ஆகவே 14–12 என முந்தியிருப்பவர் வேண்டுமென்றே இரட்டைத் தொடுகையை நாடி, 15ஐ எட்டி வெல்லலாம்!

'ஃபாயில்', 'சேபர்' ஆகியவற்றில் முறை வேறு. தாக்குதலை முதலில் தொடங்கியவருக்கே உரிமை. மற்றவர் அதைத் தடுத்த பின்னரே திருப்பித் தாக்க வேண்டும். தடுக்காமல் தாக்கினால், இரு விளக்குகளும் எரிந்தாலும் புள்ளி முதல்வருக்கே. இருவரும் ஒருங்கே தொடங்கினால் எவருக்கும் புள்ளி இல்லை. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட நம் சென்னைப் பெண் பவானி தேவி ஆடியது இந்த சேபர்தான்.

மாணவியரே! இவ்விதியின் கருத்தை எண்ணிப் பாருங்கள். உன்மேல் வரும் வாளை முதலில் தடு. பிறகு தாக்கு என்கிறது அது. வகுப்பறையில் எழும் சொற்போரிலும் இருவரும் ஒருங்கே பாய்ந்தால், இருவர் மனமும் புண்படுவதன்றி எவருக்கும் புள்ளி கிடைப்பதில்லை!