இறக்கை செதுக்கக் கற்கும் பிள்ளைகளுக்கு

வீட்டுக்குச் சின்னக் காற்றாலை செய்ய ஆசைப்படும் பிள்ளைகள் காந்தம், செம்புக் கம்பி, பேட்டரி எல்லாம் படித்துவிட்டு வருகிறார்கள். இறக்கை என்றதும் கை தயங்குகிறது. ஸ்காட்லாந்தின் ஸ்கோரைக் தீபகற்பத்தில் வாழ்ந்து ஹியூ பிகாட் கற்றுக்கொடுத்த மர இறக்கை முறை பல நாடுகளில் பரவியிருக்கிறது. அவ்வழியில், 2.4 மீட்டர் விட்டமுள்ள மூன்று இறக்கை ஆலையை வைத்துச் சொல்கிறேன்.

1. ஆசைக்குக் கணக்குப் போடுங்கள். நொடிக்கு 5 மீட்டர் வேகக் காற்றில், இந்த வட்டத்தின் வழியே போகும் ஆற்றல் சுமார் 350 வாட். அதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த இறக்கையாலும் எடுக்க முடியாது என்று ஆல்பர்ட் பெட்ஸ் நிறுவினார். வீட்டில் செய்த ஆலைக்கு 100 வாட் கிடைத்தாலே நிறைவு. காற்றின் வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்காகும். ஆகவே நல்ல இடமும் உயரமான கம்பமும் முதலில் வேண்டும்.

2. மரத்தைப் பார்த்து வாங்குங்கள். பைன், தேவதாரு போன்ற எடை குறைந்த, நன்கு உலர்ந்த மரம் போதும். நார் நுனிவரை நேராக ஓட வேண்டும், கணு கூடாது. ஒரு கிலோ எடையுள்ள இறக்கை நிமிடத்துக்கு 500 சுற்றுச் சுற்றும்போது, அதன் எடை மையம் அச்சிலிருந்து அரை மீட்டரில் இருந்தால், அடிப்பகுதியை வெளியே இழுக்கும் விசை சுமார் 140 கிலோ பாரத்துக்குச் சமம். கணு விட்டுக்கொடுப்பது அப்போதுதான்.

3. கோடு போடாமல் உளியைத் தொடாதீர்கள். நுனியின் வேகம் காற்றைப்போல் ஆறு மடங்கு என்று வைத்தால், சுற்றும் தளத்திலிருந்து நுனியில் 2, 3 டிகிரிச் சாய்வு போதும். பாதி நீளத்தில் 8 டிகிரி. அச்சிலிருந்து கால் பங்கில் 20 டிகிரியை நெருங்கும். அங்கே பலகையின் தடிமன் போதாவிட்டால் கிடைத்த சாய்வோடு விடுங்கள். வட்டப் பரப்பில் முக்கால் பங்கை வெளிப்பாதிதான் வீசுகிறது. கவனம் அங்கே இருக்கட்டும்.

4. காற்றைப் பார்க்கும் முகத்தை முதலில் செதுக்குங்கள். முன்விளிம்பு பலகையின் மேல்மட்டத்திலேயே நிற்கும். பின்விளிம்புதான் கீழே இறங்கும். இரண்டு விரற்கடைக்கு ஒரு முறை, கோடு வரைக்கும் ரம்பத்தால் குறுக்கே அறுத்துவிட்டு, இடையில் நிற்கும் மரத்தை உளியால் பெயர்த்தெடுங்கள். கடைசி ஒரு மில்லிமீட்டரை இழைப்புளிக்கு விடுங்கள். இரும்பு ஸ்கேலைக் குறுக்கே நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். ஒளி கசிவது நிற்கும் வரை இழையுங்கள்.

5. பிறகு முதுகு. அகலத்தில் 12, 13 சதவீதம் தடிமன் இருக்கட்டும். மேடு முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் வரட்டும். முன்விளிம்பு உருண்டையாகவும் பின்விளிம்பு மெல்லியதாகவும் இருக்க வேண்டும். பின்விளிம்பு தடித்தால் இரைச்சல் கூடும், வேகம் குறையும்.

6. மூன்றையும் ஒன்றாக வளருங்கள். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடாதீர்கள். ஒரே வேலையை மூன்றிலும் செய்து அளந்த பிறகே அடுத்த வேலைக்குப் போங்கள். பூட்டும்போது நுனிக்கு நுனி டேப் பிடித்து மூன்று இடைவெளியையும் சமமாக்குங்கள். எண்ணெயோ பெயின்டோ பூசி உலர்ந்த பிறகு சமநிலை பாருங்கள். இலேசான பக்கத்தில் ஈயத் துண்டைத் திருகாணியால் இறுக்கினால் போதும்.

7. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும். ஆரல்வாய்மொழியிலோ உடுமலையிலோ இருப்பவர்கள் பங்குனிக்குள் கம்பத்தை ஏற்றி, இளங்காற்றில் ஓடவிட்டுப் பாருங்கள். புயற்காற்றில் ஆலையை ஒதுக்கிக்கொள்ளும் மடங்கு வால் இல்லாமல் ஏற்றாதீர்கள். சுற்றும் இறக்கைக்கு நேர் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது. உடையும் துண்டு அந்தத் திசையில்தான் பறக்கும்.

ஒரே ஓர் இறக்கை மட்டும் அற்புதமாக அமைவதால் பயனில்லை. சுமாரான மூன்று இறக்கைகள் ஒன்றுபோல இருந்தால் ஆலை ஆண்டுக்கணக்கில் ஓடும். அருமையான மூன்று ஆளுக்கொரு விதமாக இருந்தால் அதிர்ந்து அதிர்ந்து தாங்கியையும் கம்பத்தையும் தின்றுவிடும். அளவுகோலைக் கையிலிருந்து கீழே வைக்காதீர்கள், பிள்ளைகளே.