புயல் காலம்: கூரைக்கும் தோப்புக்கும் இப்போது செய்ய வேண்டியவை

புயல் காற்று கூரையை மேலிருந்து அமுக்கி உடைப்பதைவிடக் கீழிருந்து தூக்கிப் பிரிப்பதே அதிகம். மேலே வேகமாக ஓடும் காற்று கூரையை உறிஞ்சுகிறது. திறந்த கதவு, ஜன்னல் வழியே புகுந்த காற்று உள்ளிருந்து தள்ளுகிறது. அதனால் தாழ்வார ஓரமும் முகடும்தான் முதலில் பறக்கும். வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். காவிரிப் படுகைக் கிராமங்களில் மழை வலுக்கும் முன்பே தளர்ந்த கொக்கிகளை முடுக்கி, ஓரங்களில் கூடுதலாக அடித்து, முகட்டோடுகளைச் சிமெண்டுக் கலவையில் பதித்துவிட வேண்டும். கீற்றுக் கூரைக்குக் குறுக்கே கயிறு போட்டு முளையில் இழுத்துக் கட்டலாம். தகரத்தின் மேல் கல்லையும் பழைய டயரையும் ஏற்றி வைப்பது பரவலான வழக்கம். பலத்த காற்றில் அந்தக் கல்லே ஆளைக் கொல்லக்கூடும்.

வீட்டை ஒட்டிய முருங்கை, வேம்பு ஆகியவற்றின் கிளைகளைக் கழிக்க வேண்டும். தென்னையில் முற்றிய காய்களையும் இளநீரையும் இறக்கி, கனத்த அடிமட்டைகளை வெட்டி, புயல் எச்சரிக்கை வந்ததும் நீர் பாய்ச்சுவதை நிறுத்த வேண்டும். ஈரம் ஊறிய மண்ணில் வேரின் பிடி தளரும். விளைந்த வாழைத்தாரை வெட்டிவிடுவதே மேல். மற்றவற்றுக்குச் சவுக்குக் கழி முட்டுக் கொடுக்கலாம்.

கீற்று வீட்டிலும் ஓட்டு வீட்டிலும் இருப்போர் புயல் இரவுக்கு முன்பே பள்ளிக்கூடத்துக்கோ பாதுகாப்பு மையத்துக்கோ போய்விடுவது நல்லது. புயலின் கண் கடக்கும்போது காற்று சட்டென்று அடங்கும். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் வீசும். அந்த இடைவெளியில் மாட்டை அவிழ்க்கவோ ஓட்டைச் சரிசெய்யவோ யாரும் வெளியே இறங்கக் கூடாது.

விடிந்ததும் முதல் கவனம் மின்கம்பிக்கு. அறுந்து கிடக்கும் கம்பியையும், அது தொட்டுக் கிடக்கும் வேலி, குட்டை நீரையும் நெருங்காமல் மின்வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077. இடிபாட்டை அகற்றும் முன் வீடு, மரம், கால்நடைச் சேதத்தைப் படமெடுத்துக் கிராம நிர்வாக அலுவலரிடம் பதியாவிட்டால் நிவாரணத்துக்கு அலைய நேரும். வெள்ளம் புகுந்த கிணற்று நீரைக் குளோரின் இட்ட பின்னும் காய்ச்சியே குடிக்க வேண்டும்.

தோப்பின் பாடு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்பு தோப்பாகத் தென்னையைச் சாய்த்தது. நட்டது பலன் தர 5 முதல் 7 ஆண்டு ஆகும் என்பதால், சாய்ந்த இளமரத்தை வேர் காயும் முன் மெல்ல நிமிர்த்தி, முட்டுக் கொடுத்து, மண் அணைக்க வேண்டும். முறிந்த குருத்தை நீக்கி, குருத்தழுகலைத் தடுக்க ஒரு சதவீதப் போர்டோ கலவை ஊற்றலாம். விழுந்த மரத்தையும் தூரையும் தோப்பில் மட்கவிடுவதுதான் பெரிய தவறு. காண்டாமிருக வண்டு அழுகும் தண்டிலும் எருக்குழியிலும் முட்டையிட்டுப் பெருகி, தப்பி நிற்கும் மரங்களின் குருத்தைத் துளைக்கும். அந்தக் காயத்தின் வழியே சிவப்புக் கூன்வண்டு நுழையும். தண்டுகளை அறுத்து வெளியேற்றி, எருக்குழியில் மெட்டாரைசியம் பூஞ்சையைக் கலக்க வேண்டும். ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் நீரில் ஊறவைத்து, மண்பானைகளில் தோப்பில் ஆங்காங்கே வைத்தால் வண்டுகள் வந்து விழும். அவற்றை அவ்வப்போது பொறுக்கி அழிக்க வேண்டும்.